0.03 விநாடி: தங்கத்தைத் தீர்மானித்த படம்

2025 செப்டம்பர் 15, காலை நேரம். தோக்கியோ தேசிய விளையாட்டரங்கத்தில் உலகத் திடல்தட வெற்றியாளர் போட்டியின் ஆண்கள் மாரத்தான் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. 42.195 கிலோமீட்டரில் மிச்சமிருந்தது அரங்கத்துக்குள் ஓட வேண்டிய கடைசித் துண்டு மட்டுமே. முன்னால் ஜெர்மனியின் அமானல் பெட்ரோஸ். அவரைத் துரத்தி வந்தவர் தான்சானியாவின் அல்போன்ஸ் சிம்பு. (இந்தப் பெயரைச் சொன்னதும் என் படிவம் நான்கு மாணவர்கள் சிரித்து அடங்க இரண்டு நிமிடம் ஆனது. நடிகர் அல்ல, ஓட்டக்காரர்!) முடிவுக்கோட்டை இருவரும் ஒன்றாகவே கடந்ததுபோல் இருந்தது. தங்கம் யாருக்கு என்று ஓடியவர்களுக்கே உடனே தெரியவில்லை.

பிறகு முடிவு வந்தது. சிம்புவுக்குத் தங்கம், பெட்ரோஸுக்கு வெள்ளி, இத்தாலியின் இலியாஸ் அவானிக்கு வெண்கலம். உலகத் திடல்தட வெற்றியாளர் போட்டிகளில் தான்சானியா பெற்ற முதல் தங்கம் அது. பட்டியலில் சிம்புவின் நேரம் 2 மணி 9 நிமிடம் 48 விநாடி. பெட்ரோஸின் நேரமும் 2 மணி 9 நிமிடம் 48 விநாடிதான். இருவருக்கும் உள்ள இடைவெளி 0.03 விநாடி என்று அறிவித்தார்கள்.

இதற்கு முந்தைய நாள் அதே அரங்கத்தில் ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம் நடந்தது. ஜமைக்காவின் ஒப்லீக் செவில் 9.77 விநாடியில் தங்கம் வென்றார். அவர் நாட்டுக்காரரான கிஷேன் தாம்சன் 9.82, அமெரிக்காவின் நோவா லைல்ஸ் 9.89. முதல் இருவருக்கும் இடைவெளி 0.05 விநாடி. அதாவது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிய மாரத்தான், பத்து விநாடிகூட நீடிக்காத ஓட்டத்தைவிட நெருக்கமாக முடிந்திருக்கிறது!

நேரம் ஒன்றாக இருக்கும்போது இடைவெளி மட்டும் எங்கிருந்து வந்தது? 0.03 விநாடியை யார், எப்படிப் பார்த்தார்கள்? இந்தக் கேள்விகள் எனக்கு வெறும் பாடக் கேள்விகள் அல்ல. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டியில் மாணவியருக்கான 100 மீட்டர் ஓட்டத்துக்கு நான்தான் முதலிட நடுவர். புல்திடல், சுண்ணாம்புக் கோடுகள், கையில் ஒரு கொடி. இரண்டாம் தடத்தில் நீல இல்லத்து மாணவி, ஐந்தாம் தடத்தில் சிவப்பு இல்லத்து மாணவி. இருவரும் சேர்ந்தே வந்தார்கள். "சிவப்பு" என்று நான் சொன்னேன். நீல இல்லத்து மாணவி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, தோழி எடுத்த கைத்தொலைபேசிக் காணொளியைக் காட்டி, "டீச்சர், நீங்களே பாருங்க" என்றாள்.

பார்த்தேன். ஒரு சட்டகத்தில் இருவருமே கோட்டுக்கு முன்னால் இருந்தார்கள். அடுத்த சட்டகத்தில் இருவருமே கோட்டைத் தாண்டியிருந்தார்கள். நமக்குத் தேவையான அந்தக் கணம் இரண்டு படங்களுக்கும் நடுவே விழுந்துவிட்டது.

ஏன் என்று கணக்குப் போடலாம். 100 மீட்டரை 14 விநாடியில் ஓடும் மாணவியின் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 7 மீட்டர். சாதாரணக் காணொளி ஒரு விநாடிக்கு 30 படங்கள் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அவள் 7 ÷ 30, அதாவது 23 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறாள். ஒரு முழு அடிகோல் அளவுக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் எத்தனையோ பதக்கங்கள் கைமாறிவிடும்.

சரி, காணொளி உதவவில்லை. என் கண்? வீட்டுக்குப் போய் ஒரு தாளில் வரைந்து பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. நான் முடிவுக்கோட்டின் நேர்க்கோட்டில் நிற்கவில்லை. கூட்டம் நெருக்கியதில் அரை மீட்டர் போலக் கோட்டைத் தாண்டி நின்றிருந்தேன். எனக்கும் இரண்டாம் தடத்துக்கும் ஏறக்குறைய 5 மீட்டர் தூரம். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர், எனவே இரண்டாம் தடத்திலிருந்து ஐந்தாம் தடம் 3.66 மீட்டர் தள்ளி இருக்கிறது. என் கண்ணிலிருந்து, இரண்டாம் தடத்தில் கோட்டின்மேல் இருக்கும் மாணவி வழியாக ஒரு நேர்க்கோடு இழுத்தால், அது ஐந்தாம் தடத்தில் கோட்டின்மேல் விழாது. கோட்டுக்கு 37 சென்டிமீட்டர் பின்னால் விழும். ஒத்த முக்கோணங்கள்தான்: 0.5 × 3.66 ÷ 5. ஆகவே இருவரும் சரிசமமாக வந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தூரத்து மாணவி 37 சென்டிமீட்டர் முந்தியதாகவே தெரியும். நேரத்தில் சொன்னால் 0.05 விநாடி. செவில் தங்கம் வென்ற அதே இடைவெளி!

அளவு உருளையில் நீர்மட்டத்தைச் சாய்வாகப் பார்த்து வாசிக்கும் மாணவரை நான் எத்தனை முறை கடிந்திருப்பேன்! இடமாறு தோற்றப் பிழை என்று கரும்பலகையில் எழுதியவளே திடலில் அதைச் செய்திருக்கிறேன்.

தோக்கியோவில் இந்த இரண்டு குறைகளையும் நீக்கியது எது? முடிவுக்கோட்டுக் கேமரா. நம் கேமரா ஒரு கணத்தில் முழுக் காட்சியையும் பிடிக்கிறது. முடிவுக்கோட்டுக் கேமரா அப்படிச் செய்வதில்லை. கோட்டின் நேர்க்கோட்டில் உயரமான இடத்தில் அசையாமல் பொருத்தப்பட்ட அது, மிகக் குறுகிய ஒரு பிளவு வழியாக முடிவுக்கோட்டை மட்டுமே பார்க்கிறது. கோட்டுக்கு ஓரடி முன்னால் என்ன நடக்கிறது, பின்னால் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. முடி போன்ற ஒரு செங்குத்துக் கீற்றை எடுக்கும். அதன் பக்கத்தில் அடுத்த கீற்றை ஒட்டும். பிறகு அடுத்தது. உலக அளவிலான போட்டிகளில் இது விநாடிக்கு ஆயிரம் கீற்றுகளுக்குக் குறையக் கூடாது. நம் கண்ணுக்குப் படமாகத் தெரிவது இப்படி ஒட்டிய ஆயிரக்கணக்கான கீற்றுகள்தான்.

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அந்தப் படத்தில் ஓட்டக்காரர்கள் பக்கம் பக்கமாக நிற்பதுபோல் தெரிவார்கள். "சிம்பு இங்கே இருக்கும்போது பெட்ரோஸ் அங்கே இருந்தார்" என்று வாசிக்கத் தோன்றும். அது தவறு. படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரே இடத்தில்தான், முடிவுக்கோட்டின்மேல்தான், இருந்தது. இடமிருந்து வலமாக மாறுவது நேரம் மட்டுமே. பௌதிக வகுப்பில் கிடைமட்ட அச்சில் நேரத்தைக் குறித்து வரைபடம் வரைகிறீர்கள் அல்லவா? இது உடலை வைத்து வரைந்த வரைபடம். கீழே நேர அளவுகோல்கூட அச்சிடப்பட்டிருக்கும். ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிவது ஓடுபாதை அல்ல. யாரும் கடக்காத நேரத்தில் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்ட அதே வெள்ளைக் கோடு.

இதைப் புரிந்துகொண்டால் அந்தப் படங்களில் காணும் விநோதங்கள் எல்லாம் விளங்கிவிடும். கோட்டின்மேல் ஊன்றிய பாதம் வாழைமட்டை போல நீண்டு கிடக்கும். பாதம் தரையில் 0.1 விநாடி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், நூறு கீற்றுகளில் அதே பாதம் அதே இடத்தில் பதிவாகிறது. வேகமாகக் கடப்பவர் ஒல்லியாகத் தெரிவார். மெதுவாகக் கடப்பவர் பருத்துத் தெரிவார். முன்கையிலிருந்து பின்காலின் நுனிவரை 2 மீட்டர் நீளம் என்றால், விநாடிக்கு 10 மீட்டர் ஓடுபவர் 200 கீற்றுகளில் முடிந்துவிடுவார். 5 மீட்டர் ஓடுபவருக்கு 400 கீற்றுகள் வேண்டும். சிம்புவுக்கும் பெட்ரோஸுக்கும் உள்ள 0.03 விநாடி, ஆயிரம் என்ற கணக்கில் 30 கீற்றுகள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இடைவெளி அது.

நடுவர் திரையில் ஒரு செங்குத்துக் கோட்டை நகர்த்தி, ஓட்டக்காரரின் உடற்பகுதி தொடங்கும் இடத்தில் நிறுத்துகிறார். கவனியுங்கள், உடற்பகுதி. தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில் வராது. கையை நீட்டிப் பயனில்லை. அதனால்தான் கடைசி எட்டில் எல்லாரும் நெஞ்சை முன்னால் தள்ளுகிறார்கள்.

இப்போது அந்த ஒரே நேரக் குழப்பத்துக்கு வருவோம். தடத்தில் ஓடும் 100 மீட்டருக்கு நேரத்தை நூறில் ஒரு பங்கு விநாடிவரை அறிவிப்பார்கள். மீதியை எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்குவார்கள். 9.761 ஆனாலும் 9.770 ஆனாலும் 9.77தான். சாலையில் ஓடும் மாரத்தானுக்கோ முழு விநாடி வரைதான், அதுவும் மேல்நோக்கி. எனவே 2:09:48 என்பது ஒரு விநாடி அகலமுள்ள பெட்டி. சிம்புவும் பெட்ரோஸும் அந்த ஒரே பெட்டிக்குள் விழுந்தார்கள். அறிவிக்கும் நேரம் வேறு, வரிசையைத் தீர்மானிக்கும் அளவீடு வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே லைல்ஸும் இதே தாம்சனும் 9.79 என்ற ஒரே நேரத்தில் 100 மீட்டரை முடித்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்குவரை பார்த்தபோது லைல்ஸ் 9.784, தாம்சன் 9.789. பாவம் தாம்சன்! பாரிஸில் 0.005, தோக்கியோவில் 0.05, இரண்டு முறையும் வெள்ளி.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியின் 100 மீட்டரில் தங்கம் மலேசியாவின் எம்.ஜெகதீசனுக்கு, வெள்ளி சிங்கப்பூரின் சி.குணாளனுக்கு. ஜெகதீசன் அந்தப் போட்டியில் 200 மீட்டரிலும் 4 × 100 மீட்டர் அஞ்சல் ஓட்டத்திலும் தங்கம் வென்றார். அது கைக்கடிகார நேரங்களைப் பத்தில் ஒரு பங்கு விநாடியில் எழுதிய காலம். 0.1 விநாடியில் அவர்களைப் போன்றவர்கள் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடிவிடுவார்கள். குறுந்தொலைவு உலகச் சாதனைகளுக்கு மின்னியல் நேரக்கணிப்புக் கட்டாயமானது 1977இல்தான்.

நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் மாணவத் தொண்டூழியர்களுக்கு ஒரு சொல்: துப்பாக்கி ஒலிக்குக் காத்திருக்காதீர்கள், புகையைப் பாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். 100 மீட்டர் கடந்து உங்கள் காதை எட்ட 0.29 விநாடி ஆகும். அவ்வளவு நேரத்தையும் ஓடுபவருக்கு நீங்கள் இலவசமாகக் கொடுத்துவிடுகிறீர்கள்.

அந்த நீல இல்லத்து மாணவிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். யார் முந்தினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. தலைமையாசிரியரிடம் என் தாளைக் காட்டி விளக்கினேன். அடுத்த வாரச் சபைக்கூடலில் இருவரும் சமம் என்று அறிவித்து, கடையில் வாங்கிய இரண்டாவது தங்கப் பதக்கத்தை அவள் கழுத்தில் நானே போட்டேன். சிவப்பு இல்லத்து மாணவியர் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதுவும் நியாயம்தான். இப்போதெல்லாம் முடிவுக்கோட்டின் நேரில் ஒரு முளையை அடித்து, அதன் பின்னால்தான் நிற்கிறேன். கைத்தொலைபேசியை முக்காலியில் பொருத்தி, விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்க முறையில் வைக்கிறோம். 23 சென்டிமீட்டர் இடைவெளி 3 சென்டிமீட்டராகக் குறைந்திருக்கிறது.

முடிவுக்கோட்டுக் கேமராவை நீங்களே தாளில் செய்து பார்க்கலாம். ஓர் அட்டையில் 1 சென்டிமீட்டர் அகலத்துக்கு நீண்ட பிளவு ஒன்றை வெட்டி, மேசையில் ஒட்டுநாடாவால் அசையாமல் பொருத்துங்கள். 10 சென்டிமீட்டர் நீளத்தில் ஓடும் உருவம் ஒன்றை ஒரு தாளில் வரைந்து, பிளவுக்கு அடியில் செருகுங்கள். நண்பர் ஒவ்வொரு முறை கைதட்டும்போதும் தாளை 1 சென்டிமீட்டர் இழுத்து, பிளவில் தெரிவதை வேறொரு கட்டத் தாளில் பத்தி பத்தியாக வரைந்து வாருங்கள். பத்துத் தட்டலில் உருவம் முழுமையாகும். அடுத்து, ஒவ்வொரு தட்டலுக்கும் 2 சென்டிமீட்டர் இழுங்கள். பிறகு அரை சென்டிமீட்டர். மூன்று உருவங்களின் அகலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு புதிர். யாரோ ஒருவர் வழிதவறி, முடிவுக்கோட்டை எதிர்த்திசையிலிருந்து ஓடிவந்து கடக்கிறார். கேமரா இயங்கிக்கொண்டிருக்கிறது. படத்தில் அவர் முகம் மற்றவர்கள் பார்க்கும் பக்கமே பார்க்குமா, எதிர்ப்பக்கம் பார்க்குமா? விடையை ஊகிக்காதீர்கள். தாளை மறுபக்கத்திலிருந்து இழுத்து வரைந்து பாருங்கள்.