காடு இருந்தால் காசு காய்க்குமா?

மும்பையின் விக்ரோலியில், தானே கழிமுகத்தை ஒட்டி கோத்ரெஜ் நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் காத்துவரும் அலையாத்திக் காடு இருக்கிறது. கார்பன் கிரெடிட் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இப்படிப்பட்ட காடுகள்மேல்தான் எல்லோர் கண்ணும் விழுகிறது. கூடவே சில தவறான நம்பிக்கைகளும் பரவுகின்றன.

நம்பிக்கை: காடு இருந்தாலே கிரெடிட் கிடைக்கும்.

உண்மை: ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயுவுக்கான கணக்கு. திட்டம் இல்லாவிட்டால் அந்த ஒரு டன் குறைந்திருக்காது என்று நிரூபித்தாக வேண்டும். அலையாத்தி வகையான வெண்கண்டல் மரத்தடியில் மூச்சுவேர்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு விரல் விரலாக நிமிர்ந்து நிற்கும். ஆக்ஸிஜன் எட்டாத அந்தச் சேற்றில் இலைதழை எளிதில் மட்குவதில்லை. அதனால்தான் கார்பன் மண்ணிலேயே தங்குகிறது. காடு செய்யும் உதவி பெரிதுதான். ஆனால் மகாராஷ்டிரத்தில் அலையாத்தி மரங்களை வெட்டுவதற்கு 2005லேயே மும்பை உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. சட்டம் காக்கும் மரத்தை வெட்டாமல் விட்டதற்குக் கூலி கேட்க முடியாது. புதிதாக நட்டு வளர்ப்பதற்கும் அழிந்த இடத்தை மீட்பதற்கும்தான் வழி உண்டு.

நம்பிக்கை: கார்பன் வணிகம் இந்தியாவுக்குப் புதிது.

உண்மை: காலநிலை மாற்றத்துக்கான கியோட்டோ ஒப்பந்தத்தின்கீழ் நம் ஆலைகள் ஐரோப்பாவுக்குக் கிரெடிட் விற்றன. 2008இல் மும்பையின் எம்சிஎக்ஸ் பண்டச் சந்தையில் அதற்கு முன்பேர வணிகமே தொடங்கியது. அந்த ஆண்டு 20 யூரோவைத் தாண்டிய விலை, 2012 முடிவதற்குள் 1 யூரோவுக்கும் கீழே போனது. பொருளாதார மந்தத்தில் ஐரோப்பிய ஆலைகளின் உற்பத்தி சுருங்கியது. கிரெடிட்டுகளோ குவிந்துகொண்டே இருந்தன.

நம்பிக்கை: இதுவும் பங்குச் சந்தை மாதிரிதான்.

உண்மை: பங்குக்குப் பின்னால் கம்பெனியின் சொத்தும் லாபமும் உண்டு. கிரெடிட்டின் விலைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அரசு விதிக்கும் வரம்புதான். 2005இல் தொடங்கிய ஐரோப்பியக் கார்பன் சந்தையில், புகை வெளியிடுவதற்கான அனுமதிச் சீட்டுகளைத் தாராளமாகக் கொடுத்தார்கள். 2007இல் அவற்றின் விலை ஏறக்குறைய பூஜ்யமானது. முன்பேர வணிகம் நாளைய விலையை இன்றே உறுதிசெய்துகொள்ள உதவும். தளர்ந்த வரம்பை இறுக்கிக் கொடுக்க அதனால் முடியாது.

நம்பிக்கை: சந்தை வந்துவிட்டது, இனிப் புகை குறைந்துவிடும்.

உண்மை: 2023இல் இந்திய அரசு அறிவித்த கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம், சிமென்ட், அலுமினியம் போன்ற தொழில்களுக்கு ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு வாயு என்றுதான் இலக்கு வைக்கிறது. உற்பத்தி பெருகினால், இலக்கை எட்டிய ஆலையிலிருந்தும் மொத்தப் புகை கூடலாம். ஆகவே ஆண்டுக்கு ஆண்டு இலக்கு இறுகுகிறதா என்று கவனிக்க வேண்டும். ஒரு கம்பெனி கிரெடிட் வாங்கிவிட்டதாக விளம்பரம் செய்தால், அதன் சொந்தப் புகைபோக்கியில் எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத கிரெடிட்டை நம்ப வேண்டாம்.