நாலாவது அத்தியாயத்தில் நுழை

அன்பு மருமகளுக்கு,

ஜாய்ஸின் 'யுலிசஸ்' நாவல் பாதியில் நிற்கிறது, எனக்கு அவ்வளவு மூளை இல்லைபோல மாமா என்று போனில் சொன்னாய். உன் அம்மா பக்கத்தில் சிரித்தது எனக்கும் கேட்டது. போனில் எனக்கு நீளமாகப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

நீ நின்ற இடம் சொல்லாமலே தெரியும். மூன்றாவது அத்தியாயம். ஸ்டீபன் டெடலஸ் டப்ளின் பக்கத்துக் கடற்கரையில் தனியாக நடக்கிறான். தலைக்குள் அரிஸ்டாட்டில், செத்துப்போன அம்மா, லத்தீன், பிரெஞ்சு எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. அந்த மணலில் கால் புதைந்து திரும்பிப் போனவர்கள் ஏராளம். இருபத்து நாலு வயதில் நானும் அங்கேதான் புத்தகத்தை மூடினேன். உளவியல் மேதை கார்ல் யுங், 135ஆம் பக்கத்துக்குள் இரண்டு தரம் தூங்கிப்போனதாக அவரே எழுதியிருக்கிறார். மூளைக் கணக்கை இதோடு விட்டுவிடு.

முப்பத்தைந்து வயதில் மறுபடி எடுத்தேன், இந்த முறை ஒரு தடித்த உரைநூலோடு. கோனார் நோட்ஸ் வைத்துப் படித்த தலைமுறை அல்லவா! ஒரு வரி நாவல், ஒரு பக்கம் உரை என்று போனதில் உரைநூல் முடிந்தது, நாவல் முடியவில்லை. 1933இல் அமெரிக்காவில் இந்த நாவல் மீதிருந்த தடையை நீக்கிய நீதிபதி வூல்சி, இதைப் புரிந்துகொள்ளத் துணைநூல்களைப் படிப்பது நல்லது என்று தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறார். அவருக்குத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. உனக்கு என்ன அவசரம்?

ஐம்பது தாண்டி மூன்றாம் முறை எடுத்தபோது, அந்த மணல் பக்கமே போகாமல் நாலாவது அத்தியாயத்தைத் திறந்தேன். இது குறுக்கு வழி என்று நினைக்காதே. முதல் அத்தியாயத்திலும் நாலாவதிலும் நேரம் அதே காலை எட்டு மணி. ஜாய்ஸே இரண்டு வாசல் வைத்துக் கட்டிய வீடு அது. இந்த வாசலில் லியோபோல்ட் புளூம் நிற்கிறார். பூனைக்குப் பால் ஊற்றுகிறார், மனைவி மோலிக்குத் தேநீரும் ரொட்டியும் மாடிக்குக் கொண்டுபோகிறார், அடுப்பில் வைத்த சிறுநீரகக் கறியைக் கொஞ்சம் தீய விடுகிறார். வேலை? பத்திரிகைக்கு விளம்பரம் பிடிப்பது!

உன் மாமா இருபத்தாறு வருஷம் செய்த வேலை. ஏழாவது அத்தியாயத்தைப் பலர் கஷ்டம் என்பார்கள், எனக்கு அது எங்கள் ஆபீஸ். கீஸ் என்ற மதுக்கடைக்காரர் விளம்பரத்தில் இரண்டு சாவி குறுக்காக இருக்கிற படம் வேண்டும் என்கிறார். அது வேறொரு ஊர்ப் பத்திரிகையில் வந்த படம், அதைத் தேடிப் புளூம் நூலகம் வரை போகிறார். ஆபீஸில் மூன்று மாதத்துக்குப் புதுப்பிக்கச் சொல் என்கிறார்கள். கடைக்காரர் இரண்டு மாதம்தான் தருவார், கூடவே ஒரு சின்னச் செய்தியும் போடச் சொல்வார். ஆசிரியரிடம் போய்க் கேட்டால் கிடைப்பது வசவு. 1904இல் டப்ளினில் நடந்தது, 1985இல் மதுரையில் எனக்கு நடந்தது. உரைநூல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது ஆறாவது அத்தியாயம். சாவுக்குப் போகிற குதிரை வண்டியில் நாலு ஆண்கள். செத்தவர் திடீரென்று போனவர். அதுதான் நல்ல சாவு, அவஸ்தை இல்லை என்கிறார் புளூம். மற்றவர்கள் கண்ணை விரித்துப் பார்க்கிறார்கள், பேச்சு நின்றுபோகிறது. அவர்கள் கத்தோலிக்கர்கள், கடைசிச் சடங்குக்குக்கூட நேரம் கிடைக்காத சாவு அவர்களுக்கு எப்படி நல்ல சாவாகும்? ஒரு குழந்தையின் சவப்பெட்டி கடந்துபோகிறது. பதினோரு நாளில் இறந்த தன் மகன் ரூடியை நினைத்துக்கொள்கிறார் புளூம். பிறகு அவர்களில் ஒருவர், தற்கொலை செய்துகொள்கிறவன்தான் குடும்பத்துக்கே பெரிய அவமானம் என்கிறார். இன்னொருவர் அவசரமாகப் பேச்சைத் தணிக்கப் பார்க்கிறார். ஏன் என்று ஜாய்ஸ் நிறுத்திச் சொல்வதில்லை. கல்லறைத் தோட்டத்தில் இறங்கிய பிறகு அந்த மனிதர் காதோடு காதாகச் சொல்கிறார்: புளூமின் அப்பா விஷம் குடித்து இறந்தவர்.

துக்க வீட்டில் உனக்கும் இப்படி நடந்திருக்கும். யாரோ எதையோ சொல்வார்கள், ஒருவர் முகம் மாறும், காரணம் வீட்டுக்கு வந்த பிறகு தெரியும். ஜாய்ஸ் யாரையும் நமக்கு அறிமுகப்படுத்துவதில்லை, வண்டியில் ஏற்றி உட்கார வைத்துவிடுகிறார். நாலாவது அத்தியாயத்தில் புளூம் பையைத் தொட்டு உருளைக்கிழங்கு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். எதற்கென்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். அது அவர் அம்மாவின் நினைவுப் பொருள் என்பது பதினைந்தாவதில்தான் தெரிகிறது. புரியாததை அப்படியே வைத்துக்கொண்டு மேலே போ, பல முடிச்சுகள் தானே அவிழும். சில அவிழாது.

பதினாலாவது அத்தியாயம், ஆங்கில உரைநடை ஆதியிலிருந்து நடந்து வந்த பாணிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் எனக்கு அலுப்பு. தாண்டிப் போனால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கடைசியில் மோலி கிட்டத்தட்ட நிறுத்தக்குறியே இல்லாமல் எட்டு வாக்கியத்தில் பேசுவதை மட்டும் தாண்டாதே. வாய்விட்டுப் படி, மூச்சு வாங்குகிற இடத்தில் முற்றுப்புள்ளி தானே விழும். 1982இல் அயர்லாந்து வானொலி முழு நாவலையும் இடைவிடாமல் வாசித்து ஒலிபரப்பியது, ஏறக்குறைய முப்பது மணி நேரம். காதுக்கும் எழுதப்பட்ட புத்தகம் இது.

அந்தக் கடற்கரை அத்தியாயத்தை நான் எல்லாவற்றுக்கும் பிறகுதான் படித்தேன். பாதி இன்னும் புரியவில்லை.

ஆறாவது முடிந்ததும் போன் பண்ணு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை. அத்தை ஏதாவது சொல்வாள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா