டார்ஜிலிங் குட்டி ரயில்

மேற்கு வங்காளத்தில் டார்ஜிலிங் என்ற மலை ஊர் உள்ளது. அங்கே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. 1881-ல் ஓடத் தொடங்கிய ரயில் இது. தண்டவாளத்தின் அகலம் 2 அடிதான். சில ரயில்களை இன்றும் நீராவி எஞ்சின் இழுக்கிறது.

இந்த ரயிலைப் படம் பிடிக்கவே பலர் பயணம் வருகிறார்கள். எங்கே நின்று எடுப்பது? படாசியா நல்ல இடம். அங்கே ரயில் வட்டமாகச் சுற்றி இறங்கும். வானம் தெளிந்திருந்தால் கஞ்சன்ஜங்கா பனிமலை தெரியும். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் ரயில் படத்தில் கறுத்துப் போகாது. மூடுபனி வந்தால் மலை மறையும். வருந்த வேண்டாம். பனிக்குள் புகைவிட்டு வரும் எஞ்சினும் அழகுதான்.

இந்த ரயில் மெதுவாகப் போகும். அதனால் பயம் விட்டுப்போகிறது. சிலர் தண்டவாளத்திலேயே நின்று படம் எடுக்கிறார்கள். செல்போன் திரையில் ரயில் தள்ளி வருவது போலத் தெரியும். ஆனால் அது பக்கத்தில் வந்திருக்கும். பெரிய பாதைகளில் ஆபத்து இன்னும் அதிகம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில், ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் தாண்டிவிடும். மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். தொடாமலே தாக்கும். பெட்டி மேல் ஏறவே கூடாது.

படாசியா வட்டத்தின் நடுவே ஒரு தோட்டம் உண்டு. கூர்க்கா வீரர்களின் நினைவுத்தூண் அங்கே இருக்கிறது. அதன் அருகே நில்லுங்கள். ரயில் உங்களைச் சுற்றியே போகும்.