டிகிரிக்குப் பிறகு ராணுவம்: சிப்பாயா, அதிகாரியா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை அக்கம்பக்கத்தார் 'மிலிட்டரி பேட்டை' என்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. தமிழ்நாட்டில் இப்படிப் பல ஊர்கள் உண்டு. அங்கே பி.காம். முடித்த ஒரு பையன் ராணுவத்தில் சேர நினைத்தால், யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. மாமா நாயக்காக ஓய்வு பெற்றிருப்பார், பெரியப்பா சுபேதாராக. அவர்கள் பொய் சொல்வதில்லை. தாங்கள் சேர்ந்த ஆண்டில் என்ன விதி இருந்ததோ அதைச் சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், 2022க்குப் பிறகு அந்த விதிகளில் பாதி இல்லை. நேற்றைய உண்மைகள் சில இன்று வெறும் நம்பிக்கைகளாக மிஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: டிகிரி இருந்தால் நேரே ஆபீசர்தான்.

உண்மை: டிகிரி தருவது விண்ணப்பிக்கும் தகுதியை மட்டும். யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வை எழுத வேண்டும். அதில் தேறினால் எஸ்.எஸ்.பி. எனப்படும் ஐந்து நாள் தேர்வு. பிறகு மருத்துவப் பரிசோதனை. எல்லாம் முடிந்து தகுதிப் பட்டியலிலும் பெயர் வர வேண்டும். கல்லூரியில் என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் வாங்கியவர்களுக்கு, உரிய கிரேடும் மதிப்பெண்ணும் இருந்தால், எழுத்துத் தேர்வே இல்லாமல் எஸ்.எஸ்.பி.க்குப் போகும் சிறப்பு வழி ஒன்று உண்டு. பலர் 'சி' சான்றிதழைக் கோப்பில் வைத்துக்கொண்டே இதைத் தெரியாமல் இருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்று சிப்பாய் நிலையில் நுழையும் வழி அக்னிவீர். அதில் பொதுப்பணிக்கு உரிய மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அங்கே பி.காம். படித்தவருக்குத் தனிப் பதவி இல்லை. டிகிரியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும், ஆனால் அதிகாரிப் பதவி அல்லாத சில வேலைகளும் உண்டு. ராணுவக் கல்விப் பிரிவில் ஆசிரியராகச் சேர்பவர் ஹவில்தாராகத் தொடங்குவார். மத போதகராகச் சேர்பவர் நாயப் சுபேதாராகத் தொடங்குவார். இவற்றுக்கு எப்போதாவதுதான் அறிவிப்பு வரும். கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நம்பிக்கை: முதலில் சிப்பாயாக நுழைந்துவிடு, சர்வீஸில் மேஜர் ஆகிவிடலாம்.

உண்மை: ராணுவத்தில் இரண்டு தனித்தனி ஏணிகள். சிப்பாய், நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்பது ஒன்று. லெப்டினென்ட், கேப்டன், மேஜர், கர்னல் என்று போவது இன்னொன்று. முதல் ஏணியின் உச்சியில் நிற்பவருக்கும் இரண்டாவதில் இடம் தானாகக் கிடைக்காது. பணியின் கடைசியில் சிலருக்குக் கௌரவ லெப்டினென்ட், கௌரவ கேப்டன் பட்டம் தருவார்கள். மாமா சொல்லும் 'கேப்டன்' பெரும்பாலும் அதுதான்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வழியே இல்லையா? இருக்கிறது. பணியில் இருக்கும் சிப்பாய்கள் தேர்வெழுதி, எஸ்.எஸ்.பி. தேறி, டேராடூனில் உள்ள ஆர்மி கேடட் கல்லூரியில் சேரலாம். அப்படி வந்து பெயர் எடுத்த அதிகாரிகள் நிறைய. ஆனால் அது பிளஸ் டூவோடு பட்டாளத்துக்குப் போனவர்களுக்காக வகுத்த வழி. அங்கே மூன்று ஆண்டு படித்தால் ஒரு டிகிரி தருவார்கள். பிறகு ஓராண்டு ராணுவப் பயிற்சி. உங்கள் கையில் டிகிரி ஏற்கெனவே இருக்கிறது. கடைசியில் கடக்க வேண்டியதும் அதே எஸ்.எஸ்.பி.தான். அதற்கு இன்றே முயன்று பார்க்காமல் சுற்றி வருவானேன்?

நம்பிக்கை: அக்னிவீரா, ஆபீசரா என்பதை டிகிரி முடித்து நிதானமாக முடிவு செய்யலாம்.

உண்மை: பிறந்த தேதி அவ்வளவு நிதானம் தராது. 2022 ஜூனில் அக்னிவீர்களை எடுக்கும் அக்னிபாத் திட்டத்தை அறிவித்தபோது வயது வரம்பு 17½ முதல் 21. அந்த ஓராண்டுக்கு மட்டும் 23 வரை தளர்த்தினார்கள். கலை, அறிவியல் பட்டம் முடிக்கும்போது பெரும்பாலோருக்கு வயது 20 அல்லது 21. பொறியியல் என்றால் 21, 22. அதாவது டிகிரி கைக்கு வரும் நேரத்தில் அக்னிவீர் வாய்ப்பு முடியும் தறுவாயில் இருக்கும், அல்லது முடிந்தே போயிருக்கும்.

அதிகாரிப் பதவிக்கு நேர்மாறு. டேராடூன் ராணுவ அகாடமிக்கு 24 வரை, சென்னையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வுக்கு 25 வரை, பொறியாளர்களுக்கான தொழில்நுட்ப நுழைவுக்கும் சட்டம் படித்தவர்களுக்கான நுழைவுக்கும் 27 வரை. சி.டி.எஸ். தேர்வுக்கு இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கணக்கு இல்லை, வயது மட்டுமே வரம்பு. கடைசி ஆண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆகவே பட்டதாரிகளில் பலருக்கு 'இதுவா அதுவா' என்ற கேள்வியே எழுவதில்லை. அக்னிவீர்தான் நோக்கம் என்றால், கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே முடிவெடுத்திருக்க வேண்டும். வயது வரம்பு அறிவிப்புக்கு அறிவிப்பு மாறலாம், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

நம்பிக்கை: ஆபீசர் வேலை இன்ஜினீயருக்கும் கான்வென்ட் பிள்ளைகளுக்கும்தான்.

உண்மை: கடற்படை அகாடமிக்குத்தான் பொறியியல் பட்டம் கட்டாயம். டேராடூனுக்கும் சென்னைக்கும் எந்தப் பட்டமும் போதும். சென்னை ஓ.டி.ஏ.வுக்கு எழுதுபவர்களுக்குக் கணக்குத் தாளே கிடையாது, ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும். 'அமரன்' படத்தால் எல்லோருக்கும் தெரிந்த மேஜர் முகுந்த் வரதராஜன் படித்தது வணிகவியல். பிறகு தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் இதழியல் படித்தார். சென்னை ஓ.டி.ஏ.வில் பயிற்சி பெற்று 2006இல் ராஜ்புத் ரெஜிமென்ட்டில் அதிகாரியானார்.

மொழி விஷயத்தில் பூசி மெழுகக் கூடாது. சி.டி.எஸ். வினாத்தாள் தமிழில் வருவதில்லை. ஆங்கிலத் தாளைத் தவிர மற்றவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். அக்னிவீர் பொது நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இது நியாயமா என்பது தனி விவாதம். இன்றைய நிலையில் தமிழ் வழியில் படித்தவருக்கு எழுத்துத் தேர்வுதான் மேடு. எஸ்.எஸ்.பி.யில் பார்ப்பது உச்சரிப்பை அல்ல. படத்தைப் பார்த்து நீங்கள் எழுதும் கதை, 15 விநாடிக்கு ஒரு சொல்லாக 60 சொற்களுக்கு எழுதும் வாக்கியங்கள், குழுவோடு மரக்கட்டையும் கயிறும் வைத்துத் தடையைக் கடக்கும் விதம், பிறகு நேர்காணல். சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொல்லும் அளவு ஆங்கிலம் வேண்டும். அதை ஓராண்டு உழைப்பில் பிடித்துவிடலாம்.

நம்பிக்கை: பட்டாளம் என்றால் ஆயுசுக்கும் பென்ஷன்.

உண்மை: மாமா காலத்தில் சரி. சிப்பாய் 15 ஆண்டு பணி செய்தால் ஓய்வூதியம், அதிகாரி 20 ஆண்டு செய்தால் ஓய்வூதியம். இன்று அக்னிவீர் சேர்வது நான்கு ஆண்டுக்கு. திட்டம் வந்தபோது அறிவித்தபடி முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000. இதில் 30 சதவீதத்தைச் சேவை நிதிக்குப் பிடித்துக்கொள்வதால் முதல் ஆண்டில் கைக்கு வருவது 21,000. பிடித்த தொகைக்கு ஈடாக அரசும் போடும். நான்கு ஆண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கிடைக்கும் என்பது கணக்கு. ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. அதிகபட்சம் 25 சதவீதம் பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, மேலும் 15 ஆண்டுக்கு நிரந்தரப் பணியில் வைத்துக்கொள்வார்கள். பெண் பார்க்கும் வீட்டிலும் இது தெரிந்திருப்பது நல்லது: நான்கு ஆண்டும் திருமணமாகாதவராகவே இருக்க வேண்டும்.

அதிகாரிகளுக்கு மட்டும் எல்லாம் நிரந்தரம் என்று நினைப்பதும் தவறு. சென்னை ஓ.டி.ஏ. வழியாகக் கிடைப்பது குறுகிய காலப் பணி. முதலில் 10 ஆண்டு, விரும்பினால் இன்னும் 4 ஆண்டு. நிரந்தரப் பணிக்குத் தேர்வாகாமல் வெளியே வந்தால் பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் இல்லை. டேராடூன் வழியாகப் போனால்தான் தொடக்கத்திலேயே நிரந்தரப் பணி. பணத்தில் வித்தியாசம் பெரிதுதான். பயிற்சியிலேயே மாதம் 56,100 உதவித்தொகை. லெப்டினென்ட் ஆனபின் அதே அடிப்படைச் சம்பளத்தோடு ராணுவப் பணி ஊதியம் 15,500, அகவிலைப்படி, மற்ற படிகள்.

எனவே இன்று கேட்க வேண்டிய கேள்வி பென்ஷன் உண்டா என்பதல்ல. எத்தனை ஆண்டு, வெளியே வரும்போது எனக்கு என்ன வயது, அப்போது கையில் என்ன இருக்கும் என்பதே. அக்னிவீர் பெரும்பாலும் இருபதுகளின் நடுவிலேயே வெளியே வந்துவிடுவார். மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்கு ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள். அது முன்னுரிமை, வேலை உத்தரவாதம் அல்ல. குறுகிய காலப் பணி அதிகாரி முப்பதுகளின் நடுவில், பெரும்பாலும் மனைவி மக்களோடு, இரண்டாவது வேலை தேடுவார். இரண்டுக்கும் திட்டம் வேண்டும். திட்டம் மட்டும் ஒன்றல்ல.

நம்பிக்கை: சண்டைக்குப் போவது சிப்பாய், ஆபீசர் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

உண்மை: 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி ஒருவர். 16ஆவது பிஹார் பட்டாலியனின் தலைமை அதிகாரி கர்னல் சந்தோஷ் பாபு இன்னொருவர். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காலாட்படையில் இளம் அதிகாரி முன்னால் போவார் என்பது எதிர்பார்ப்பு, விதிவிலக்கு அல்ல.

நம்பிக்கை: ஆள் தெரிந்தால், பணம் கட்டினால் உள்ளே தள்ளிவிடுவார்கள்.

உண்மை: ஆள் எடுக்கும் மைதானத்தில் ஓடப்போவது நீங்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் உங்களுக்காகப் புரோக்கர் ஓட மாட்டார். எஸ்.எஸ்.பி.யிலோ உளவியலாளர், குழுத் தேர்வு அதிகாரி, நேர்காணல் அதிகாரி என மூவரும் தனித்தனியே மதிப்பிட்டு, கடைசி நாள்தான் ஒன்றாக உட்காருவார்கள். கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பணத்தோடு வயதும் போகும்.

நம்பிக்கை: பெண்களுக்கு நர்ஸ் வேலைதான்.

உண்மை: சென்னை பரங்கிமலையில் உள்ள ஓ.டி.ஏ.வில் 1992 முதல் பெண்கள் அதிகாரிகளாகப் பயிற்சி பெறுகிறார்கள். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவர்களுக்கு நிரந்தரப் பணிக்கான வழியையும் திறந்தது. தரைப்படையில் சிப்பாய் நிலையில் பெண்களுக்கு ராணுவக் காவல் பிரிவில் வாய்ப்பு இருக்கிறது. இடங்கள் குறைவு. ஆகவே பட்டம் படித்த பெண்ணுக்கு அதிகாரித் தேர்வே அகலமான வழி.

நம்பிக்கை: ஆபீசர் உயர்ந்த வேலை, சிப்பாய் தாழ்ந்த வேலை.

உண்மை: இரண்டும் வேறு வேறு வேலை. சிப்பாய் ஒரு தொழிலைக் கையில் கற்றுத் தேர்கிறவர். ஆயுதம், வாகனம், சிக்னல், பீரங்கி என ஏதோ ஒன்றில் அவரை விஞ்ச ஆள் இருக்காது. அதிகாரியின் வேலை ஆட்களைப் பொறுப்பெடுத்துக்கொள்வது. யாருக்கு லீவு, யார் வீட்டில் கடன் பிரச்சினை, யார் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதெல்லாம் அவர் கவலை. தவறு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. 23 வயது லெப்டினென்ட், தன் அப்பா வயதுள்ள சுபேதாரை 'சாப்' என்று மரியாதையாக அழைப்பார். வேலையையும் பெரும்பாலும் அவரிடமிருந்துதான் கற்பார். நாற்பது பேருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு பிடிக்காத ஒருவர், சம்பளத்துக்காக மட்டும் அதிகாரியானால் அவருக்கும் கஷ்டம், அவர் கீழ் இருப்பவர்களுக்கும் கஷ்டம்.

ஆகவே டிகிரி கையில் இருப்பவர் முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்து எந்தெந்த வரம்புக்குள் இருக்கிறோம் என்று பாருங்கள். என்.சி.சி. 'சி' சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். 25க்குள் இருந்தால், பொறுப்பேற்கும் வேலை பிடிக்கும் என்றால், அடுத்த சி.டி.எஸ். அறிவிப்புக்கு இன்றே படிக்கத் தொடங்குங்கள். முதல் எஸ்.எஸ்.பி.யில் திருப்பி அனுப்பினால் அடுத்ததற்குப் போங்கள். மாமாவிடமும் பெரியப்பாவிடமும் பட்டாள வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேளுங்கள், அதை அவர்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. விதிகளை மட்டும் இந்த ஆண்டின் அறிவிப்பில் படியுங்கள்.