பெட்டிச் சில்லுக்கும் கவனிப்பு வேண்டும்

நெல், மணல், செங்கல், விறகு என்று எதை ஏற்றினாலும், உழவு இயந்திரம் வைத்திருக்கும் வியாபாரிகள் அதன் எஞ்சினுக்கு ஓயில் மாற்ற மறப்பதில்லை. பின்னால் இழுபடும் பெட்டியின் சில்லுகளையோ பலரும் சத்தம் வந்த பின்னரே பார்க்கிறார்கள். பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது அந்தச் சில்லுகளின் ஹப்புக்குள் இருக்கும் பெயாரிங்குகளே. பெரும்பாலான பெட்டிகளில் ஒரு சில்லுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு இருக்கும்.

அறுவடை நேரத்தில் பெயாரிங் உடைந்தால் அதன் விலையோடு நட்டம் முடிவதில்லை. நெல்லை வேறு வாகனத்துக்கு மாற்றும் கூலி, தேய்ந்த அச்சுமுனையைத் திருத்தும் செலவு, ஓட்டம் நின்ற நாட்களின் வருமானம், ஆலைக்காரருக்குக் கொடுத்த வாக்கு எல்லாம் சேர்ந்து போகின்றன. சில்லு கழன்று வீதியில் ஓடினால் உயிருக்கே ஆபத்து.

கிரீஸ் ஏன் கெடுகிறது?

சூடும் தண்ணீருமே முக்கிய காரணங்கள். தூரம் ஓடிய ஹப் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு வாய்க்காலிலோ வெள்ளம் பாயும் வீதியிலோ இறக்கினால், உள்ளேயுள்ள காற்று குளிர்ந்து சுருங்கி, பழைய ஓயில் சீல் வழியாகத் தண்ணீரையும் சேற்றையும் உள்ளே இழுக்கும். பின்னர் பெட்டி சும்மா நிற்கும் மாதங்களில் பெயாரிங்கில் துரு பிடிக்கும்.

எப்போது செய்வது?

ட்ரெயிலர் அச்சு தயாரிப்பாளர்கள் பொதுவாக 12 மாதங்கள் அல்லது 12,000 மைல்கள் (சுமார் 19,000 கிலோமீற்றர்), இதில் எது முந்துகிறதோ அதைக் கணக்கெடுக்கச் சொல்கிறார்கள். நம் பெட்டிகள் அவ்வளவு தூரம் ஓடாவிட்டாலும் சேற்றிலும் தண்ணீரிலும் இறங்குகின்றன. ஆகவே மழை ஓய்ந்து பெரும்போக அறுவடை தொடங்குமுன் ஒரு தடவை கட்டாயம் செய்ய வேண்டும். ஹப் தண்ணீரில் மூழ்கியிருந்தால் தவணை பார்க்காமல் உடனே கழற்றிப் பாருங்கள்.

செய்யும் முறை

1. பாரத்தை இறக்கி, மற்றச் சில்லுக்குக் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பாமல் அச்சுக்குக் கீழே உறுதியான தாங்கி கொடுங்கள்.

2. பெயாரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். காற்றுக் குழாயால் சுழற்றாதீர்கள். உருளைகள் தெறித்துக் காயப்படுத்தலாம்.

3. உருளையிலும், ஹப்புக்குள் இருக்கும் வளையத்திலும் குழி, கீறல், சூட்டினால் வந்த நீலநிறம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெயாரிங்கையும் வளையத்தையும் சோடியாகவே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் கெடும்.

4. சில்லு பெயாரிங்குக்கு உகந்த 2ஆம் இலக்க கிரீஸைப் பாவியுங்கள். வெவ்வேறு வகைக் கிரீஸ்களைக் கலந்தால் இளகி ஓடிவிடலாம். ஆகவே பழையதை முழுதாகத் துடைத்தெடுங்கள். புதிய கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பெயாரிங்கின் அகன்ற பக்கத்தால் மறுபக்கம் பிதுங்கி வரும்வரை அழுத்துங்கள். மேலால் பூசுவது போதாது.

5. ஓயில் சீலை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள். பிரேக் உள்ள பெட்டியானால் லைனிங்கில் கிரீஸ் படவிடக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

6. ஹப்பைச் சுழற்றியபடியே நட்டை இறுக்குங்கள். பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் மீண்டும் இறுக்கிப் புதிய பின் போடுங்கள். அதிக இறுக்கம் பெயாரிங்கை எரிக்கும். அதிக தளர்ச்சி சில்லை ஆட்டும்.

வேலை முடிந்து சுமார் 10 கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி, ஹப்புகளின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். இளஞ்சூடு வழமையானது. ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால் அதை மீண்டும் கழற்றிப் பாருங்கள்.

வேலையை கராஜில் கொடுப்பவர்களும் இந்தப் படிகளைத் தெரிந்திருப்பது நல்லது. சீல் மாற்றப்பட்டதா, பழைய கிரீஸ் துடைக்கப்பட்டதா என்று கேட்க முடியும். செய்த திகதியையும் மாற்றிய பாகங்களையும் கணக்குப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த தவணையை ஞாபகப்படுத்துவதோடு, பெட்டியை விற்கும் நாளில் வாங்குபவருக்குக் காட்டவும் அது உதவும்.