மழைக்காலத்து மின்சோடனை

கேள்வி: சண்டிலிப்பாயில் தை முற்பகுதியில் நடைபெறவுள்ள திருமணமொன்றுக்காக, வெளிநாட்டு உறவினர் வந்திறங்கும் மார்கழிக் கடைசியிலேயே வீட்டை மின்விளக்குகளால் சோடிக்க வீட்டார் விரும்புகின்றனர். வேலையை ஒலி, ஒளி அமைப்பாளரிடம் ஒப்படைப்பது அவசியமா? ஆயின், எதைக் கேட்டறிதல் வேண்டும்?

பதில்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதால், கேள்வியிற் கூறப்பட்ட காலத்தில் மதிலும் மரமும் தகர வேலியும் ஈரம் காயாமலே இருக்கும், ஆகவே இவ்வேலையைத் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே முறையாகும். ஆயினும், திருவிழாக்களில் கண்ணைக் கவரும் மின்சிகரம் எழுப்பும் கைத்திறன் மட்டும் இதற்குப் போதாது. அமைப்பாளர் வீட்டு மின்சுற்றை அறிந்தவராகவோ, தேசிய தொழிற்றகைமை பெற்ற மின்னியலாளர் ஒருவரை உடனழைத்து வருபவராகவோ இருத்தல் வேண்டும்.

வந்தவுடன் முகப்பை அண்ணாந்து பார்த்து விலை சொல்பவரைவிட, முதலில் மீற்றர்ப் பலகையடிக்குச் செல்பவரே நம்பத்தக்கவர். சாதாரண வீடுகளுக்கு மின்சார சபை பெரும்பாலும் 230 வோல்ற்றில் 30 அம்பியர் ஒருமுனை இணைப்பையே வழங்குகிறது. பழைய வகை 15 உவாற்று நிறக்குமிழ்கள் இருநூறு கட்டப்படின் அவை 3,000 உவாற்றாகி, ஏறத்தாழ 13 அம்பியரை, அதாவது வீட்டுக்குரிய மின்னோட்டத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை, எடுத்துக்கொள்ளும். ஒரு மாலையில் ஆறு மணிநேரம் எரிந்தால் 18 அலகு செலவாகும். அதே எண்ணிக்கையில் ஒரு உவாற்று எல்.இ.டி. விளக்குகளுக்கு ஒரு அம்பியர்கூட வேண்டியதில்லை, செலவும் 1.2 அலகுதான்.

எல்லாவற்றிலும் முதன்மையானது, ஊர் வழக்கில் ட்ரிப் சுவிட்ச் எனப்படும் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான் ஆகும். இது வீட்டுக்குள் போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வருவதையும் இடைவிடாது ஒப்பிட்டு, வேறுபாடு 30 மில்லி அம்பியரை எட்டுமுன்னரோ எட்டியவுடனோ, எங்கோ ஓர் ஈரச் சுவரின் வழியாகவோ மனித உடலின் வழியாகவோ மின் கசிகின்றதெனக் கொண்டு, நொடியின் சிறுபகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. மழை தூறும் இரவில் இது அடிக்கடி விழும்போது, கலியாண வீடு இருளக்கூடாதென்ற அவசரத்தில் சிலர் சோடனைக்குரிய வயரை இக்கருவிக்கு முன்பாகவே தொடுத்துவிடுகின்றனர். விளக்குகள் தடையின்றி எரியும். ஆனால் உரசித் தோலிழந்த ஒரு வயர் தகர வேலியையோ இரும்புப் படலையையோ தொட்டுக்கொண்டிருந்தால், அதிற் கைவைக்கும் குழந்தையைக் காக்க எதுவும் இராது. இவ்வாறு செய்ய முன்வருபவரை, முற்பணம் கொடுத்திருந்தாலும், திருப்பி அனுப்பிவிடுதல் வேண்டும். கருவியிலுள்ள சோதனைப் பொத்தானை வீட்டார் முன்னிலையில் அழுத்திக் காட்டும்படி கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

வெளியே கட்டும் விளக்குகளில் ஐ.பி. என்னும் குறியீடு இருத்தல் நலம். அதன் இரண்டாம் இலக்கம் நீரைத் தாங்கும் அளவைக் குறிப்பதால், 44 என்பது எப்பக்கத்துத் தெறிநீரையும், 65 என்பது பீச்சும் நீரையும் தாங்கும். வயர்களின் பொருத்துகள் நிலத்திற் கிடவாமல் உயர்த்திக் கட்டப்படல் வேண்டும். மின்பிறப்பாக்கி வைப்பதாயின், அதை நேரே வீட்டுச் சுற்றில் செருகாது, மாற்று ஆளி ஒன்றின் வழியாகவே இணைத்தல் வேண்டும். இன்றேல், மின்தடை என நம்பிக் கம்பத்தில் ஏறி வேலைசெய்யும் ஊழியரை, வீட்டிலிருந்து பின்னோக்கிப் பாயும் மின் கொன்றுவிடக்கூடும்.

கூலி பேசும்போது, நாள் வாடகையில் பழுது பார்த்தலும் கழற்றுதலும் அடங்குமா, இரவில் பிழை நேர்ந்தால் யார் வருவார் என்பவற்றை எழுத்தில் பெறுதல் போதும்.

கேள்வி: ஒழுங்கை முகப்பிலிருந்து வீடுவரை மின்கம்பங்களிலேயே விளக்குச் சரங்களைக் கட்டலாமா?

பதில்: கூடாது. பல ஒழுங்கைகளில் மின்சார சபையின் கம்பிகள் உறையற்றவையாதலால், ஈரமான கயிறோ அலுமினிய ஏணியோ அவற்றை அணுகுவதே உயிராபத்தாகும். கம்பத்திலிருந்து கொக்கியிட்டு மின் எடுப்பது குற்றமுமாகும். கம்பிகளுக்கு நேர்கீழே வராதவாறு, வேலி ஓரமாகத் தனித் தடிகள் நட்டு, ஆள் கையுயர்த்தினாலும் எட்டாத உயரத்தில் கயிற்றோடு சேர்த்துச் சரங்களைக் கட்டி, வீட்டு ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னிருந்தே மின் கொடுத்தல் வேண்டும்.