தட்டம்மையும் வைட்டமின் 'ஏ' சத்தும்

சத்துக் குறைந்த பயிரை நோயும் தாக்கினால் சேதம் இரட்டிப்பாகும் என்பதை உழவர் பெருமக்கள் அனுபவத்தில் அறிவீர்கள். குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையிலும் இதே நிலைதான். மணல்வாரி அம்மை என்றும் அழைக்கப்படும் இந்நோய் ஒரு வைரஸ் கிருமியால் உண்டாகிறது. இருமல், தும்மல் வழியாகக் காற்றில் பரவி, மூச்சுப் பாதையை முதலில் பற்றுகிறது. காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் ஆகியவை கண்ட சில நாட்களில், முகத்தில் தொடங்கி உடலெங்கும் சிவந்த தடிப்புகள் பரவும்.

சத்து குறைவது ஏன்?

மூச்சுக்குழாய், குடல், கண் ஆகியவற்றின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய படலத்தைக் காப்பது வைட்டமின் 'ஏ'. தட்டம்மைக் கிருமி அந்தப் படலத்தையே சிதைக்கிறது. அதைச் சீர்செய்ய இச்சத்து அதிகம் தேவைப்படும். அந்த நேரத்தில் குழந்தை சரியாக உண்பதில்லை. பேதியானால் உண்டதும் உடலில் சேர்வதில்லை. ஈரலில் சேமித்துள்ள சத்தை இரத்தத்தில் எடுத்துச் செல்லும் புரதமும் காய்ச்சலின்போது குறைகிறது. குதிரில் நெல் இருந்தும் எடுத்துவர ஆளில்லாத நிலை இது. குதிரும் காலியாக இருந்துவிட்டால் ஆபத்து மிக அதிகம். கருவிழி வறண்டு, புண்ணாகிப் பார்வை பறிபோகலாம். நிமோனியா கண்டு உயிரும் போகலாம்.

ஆய்வுகள் காட்டும் உண்மை

1932-ல் லண்டனில் எல்லிசன் என்ற மருத்துவர், தட்டம்மை கண்ட 300 குழந்தைகளுக்கு இச்சத்து நிறைந்த மீன் எண்ணெய் மருந்தைக் கொடுத்தார். அவர்களில் 11 பேர் இறந்தனர். மருந்து பெறாத 300 பேரில் 26 பேர் இறந்தனர். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கடும் தட்டம்மை கண்ட 189 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1990-ல் வெளிவந்தது. வெளித்தோற்றத்தில் குறை தெரியாவிட்டாலும், நூற்றுக்கு 92 குழந்தைகளின் இரத்தத்தில் இச்சத்து குறைந்திருந்தது. இறந்த 12 பேரில் 10 பேர் வைட்டமின் 'ஏ' பெறாதவர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் ஒரு முறையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் மறுமுறையும் தட்டம்மைத் தடுப்பூசி போடுங்கள். சத்துணவு எதுவும் தடுப்பூசிக்கு ஈடாகாது.

2. அம்மை கண்டவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு 2 லட்சம் அலகு, 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு 1 லட்சம் அலகு, அதற்கும் குறைந்த வயதினருக்கு 50,000 அலகு வைட்டமின் 'ஏ' அடுத்தடுத்து இரு நாட்கள் தரப்படும். இதை மருத்துவரே தர வேண்டும். அளவு மீறினால் நஞ்சாகும்.

3. அம்மை கண்ட குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். தாளிக்கக் கூடாது என்று எண்ணெயை அறவே விலக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வைட்டமின் 'ஏ' எண்ணெயில் கரையும் சத்து. கொழுப்பு சிறிதும் இல்லாத உணவிலிருந்து அது உடலில் சரியாகச் சேராது.

குதிரை நிரப்பும் வழி

நோய் வந்தபின் கீரை கொடுத்து ஓரிரு நாளில் குறையைத் தீர்க்க இயலாது. நலமாக உள்ளபோதே சேமிப்பு வேண்டும். வரப்பில் அகத்தி, வேலியோரம் முருங்கை, கிணற்றடியில் இரண்டு பப்பாளி, வீட்டின் பின்புறம் ஒரு பாத்தி அரைக்கீரை ஆகியவை போதும். விதைத்த ஒரு மாதத்தில் அரைக்கீரை பறிப்புக்கு வரும். கீரையை மூடி வைத்து அளவாக வேகவைத்து, ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்து, பருப்புடன் மசித்துக் கொடுங்கள். பூச்சிமருந்து தெளித்த வயலின் கீரையைத் தவிருங்கள்.

அகத்தியை ஒடித்து ஆட்டுக்குப் போடுகிறோம். முருங்கைக்கீரையைச் சந்தைக்கு அனுப்புகிறோம். அதில் ஒரு பிடியை நம் வீட்டுக் குழந்தையின் சோற்றுக்கு முதலில் ஒதுக்குவோம்.